மகள் எதைக் குறிக்கிறாள்?

போல இருந்தா உவமை, போலவத் தூக்கிட்டா உருவகம், அவ்வளவுதான்யா, இதச் சொல்ல இந்த ஆளுக்கு இவ்வளவு நேரமா. சாப்பாட்டு மணிக்கு முன்னால, பத்தாங்கிளாஸ் பசங்க பசியில கண்ணு சொருகிக் கெடக்கிற நேரத்துல, சாக்பீஸ் தூள மூக்குல ஏத்திக்கிட்டு நான் இதச் சொல்லி முடிச்சு, சான்றும் எழுதிப்போட்டு, பொருத்திக் காட்டிட்டு, கடைசி பெஞ்சுல தூங்கினவன எழுப்பியும் விட்டிருப்பேன். முகம் நிலவு போலன்னா உவமை, முகநிலவுன்னா உருவகம், போடா, போய்ச் சாப்பிடு. இவரு முனைவர் கலியபெருமாளாம், பேராசிரியராம், தண்ணி பாட்டில் மூடியத் தொறக்கிறாரு, மூடறாரு, குடிக்க மாட்டேங்கிறாரு, "நண்பர்களே, உவமையிலிருந்து உருவகத்துக்கும், உருவகத்திலிருந்து படிமத்துக்கும், படிமத்திலிருந்து குறியீட்டுக்கும் பயணித்த மாபெரும் கவிஞர் கங்குமாறன்"ங்கிறாரு. பயணிச்சாராமே. எங்க போனாலும் எங்கிட்டதான் பெட்டி அடுக்கச் சொல்லுவாரு, இந்தப் பயணத்துக்கு மட்டும் சொல்லாமப் போயிருக்காரு பாரு. கங்குமாறன்னா யாரோன்னு இருக்கு எனக்கு. எனக்குத் தெரிஞ்சவரு என் வீட்டுக்காரரு வைத்தியலிங்கம், ரசத்துல பெருங்காயம் தூக்கலா இருக்கணும்பாரு. செத்து ஒரு வருஷம் ஆச்சு, அதுக்குத்தான் இந்த நினைவேந்தல், விருத்தாசலத்துல இந்தக் கல்யாண மண்டபம், பொண்ணு மாப்பிள்ள உக்கார்ற செவப்புச் சோபாவுல என்ன உக்கார வெச்சு, தோள்ல பொன்னாடையப் போத்திட்டாங்க. ஜரிகை கழுத்தக் குத்துது. எடுத்தா மரியாதை இல்லன்னு முன்வரிசையில இருந்து செம்பியன் கண்ணக் காட்டறான். என் புள்ள. அவங்கப்பா மாதிரியே கண்ணாலேயே அதட்டத் தெரிஞ்சிருக்கு. மூட்டு வேற வலிக்குது, ஒண்ணுக்கு வேற வருது, எந்திரிச்சுப் போனா கவிஞரின் துணைவியார் உணர்ச்சிப்பெருக்கால் வெளியேறினார்னு நாளைக்குப் போட்டுருவானுங்க. பேசாம உக்காந்திருக்கேன். இவரு பேசி முடிச்சதும் எனக்குத்தான் மைக்கு. ஏற்புரையாம். "ரெண்டு வார்த்த நன்றி சொல்லிட்டு உக்காந்துரும்மா, போதும்"னு வர்ற வழியெல்லாம் செம்பியன் சொல்லிக்கிட்டே வந்தான். சொல்லலாம்தான். நன்றி சொல்லத் தெரியாதா எனக்கு.

என் முதுகுக்குப் பின்னாடி ஃபிளெக்ஸ் படபடன்னு அடிச்சுக்குது, ஃபேன் காத்து. திரும்பிப் பார்க்க வேண்டியதில்ல, என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும், செம்பியன்தான் அடிக்கக் கொடுத்தான், எந்த எழுத்துல போடலாம்னு போன்ல படம் படமா அனுப்பி என்னயக் கேட்டான். மண்வெட்டி நிழலில், என் மகளை விதைத்தேன், முளைத்தால் சொல்லி அனுப்புங்கள், நான் ஊரில் இல்லை. நாலே வரி. அந்த நாலு வரிதான் அவரு. மீதி எத்தனையோ எழுதினாரு, எதுவும் யாருக்கும் ஞாபகம் இல்ல, இது மட்டும் நின்னுச்சு, காலண்டர்ல போட்டாங்க, கல்யாணப் பத்திரிகையிலகூட ஒரு மடையன் போட்டான். இன்னிக்கு அதுக்கும் ஒருபடி மேல போயிட்டானுங்க. வாசல்ல ரெண்டு பொண்ணுங்க தாம்பாளத்த வெச்சுக்கிட்டு வர்றவங்களுக்கெல்லாம் விதைப்பந்து கொடுத்துச்சுங்க. மண்ணும் சாணியும் பெசஞ்சு நடுவுல வெத வெச்சு உருட்டின பந்து, ரோட்டோரமாத் தூக்கிப் போட்டா மழையில மொளைக்குமாம். பந்தச் சுத்தியிருக்கிற காயிதத்துல "என் மகளை விதைத்தேன்"னு பச்ச எழுத்துல அச்சடிச்சிருக்கு. எனக்கும் ஒண்ணு கையில வெச்சா ஒரு பொண்ணு, "பாட்டி, இது வேம்பு"ன்னா. வாங்கிக்கிட்டேன். வேற என்ன பண்றது. மடியில வெச்சிருக்கேன், காஞ்ச மண்ணு பொடவையில உதுருது, தட்டத் தட்ட உதுருது.

மகள்னா மகள் இல்லையாம். இதத்தான் இப்ப ஆரம்பிச்சிருக்காரு கலியபெருமாள், குரல எறக்கிக்கிட்டாரு, முக்கியமான எடம் வருதுன்னு அர்த்தம். "இந்த இடத்தில் வாசகன் ஏமாந்துவிடக் கூடாது நண்பர்களே. மகள் என்றதும் மகள் என்றே படிப்பவன் பாமர வாசகன்"ங்கிறாரு. நான் பாமர வாசகன். முப்பது வருஷத்துக்கு மேல தமிழ் சொல்லிக்கொடுத்த பாமர வாசகன். இந்தக் கவிதை வந்த புதுசுல செவப்புத் துண்டு போட்டவங்க கூட்டம் போட்டாங்க, அப்ப மகள்னா புரட்சி. மண்ணுக்குள்ள போன புரட்சி மொளைக்குமாம், கவிஞர் தலைமறைவா இருக்காராம், அதனாலதான் நான் ஊரில் இல்லைங்கிறாராம். கைதட்டல். அப்புறம் கொஞ்ச வருஷம் போயி ஈழம்னாங்க, கறுப்புத் துணி கட்டின மேடை, அங்கயும் இதே நாலு வரி. அப்புறம் ஒருத்தரு வந்தாரு தாடியோட, அதெல்லாம் இல்ல, மகள்ங்கிறது மொழி, நான் ஊரில் இல்லைங்கிறது நவீன மனிதனோட அந்நியமாதல்னு பெருசா கட்டுரை எழுதினாரு, ஒரு வரி புரியல, இருண்மை இருண்மைன்னு அதுக்கும் ஒரு பேர் வெச்சிருக்காங்க. இப்ப கலியபெருமாள் காலம். இப்ப மகள்னா பாரம்பரிய வெத. நாட்டு நெல்லு. "கம்பெனி விதைகளால் மண்ணுக்குள் புதையுண்ட நம் மரபு விதையைத்தான் கவிஞர் மகள் என்கிறார்." அடப்பாவி. புரட்சியா இருந்து, ஈழமா இருந்து, மொழியா இருந்து, கடைசியில நெல்லாயிட்டா என் பொண்ணு. இதுக்கெல்லாம் நம்ம ஆளுங்க எப்பவோ பேர் வெச்சிட்டுப் போயிட்டாங்க, தற்குறிப்பேற்ற அணி. இயல்பா நடக்கிற ஒண்ணு மேல கவிஞன் தன் நெனப்ப ஏத்திச் சொல்றது. கொடி காத்துல ஆடும், அது பாட்டுக்கு ஆடும், வராதே வராதேன்னு கைய ஆட்டித் தடுக்குதும்பான் கவிஞன். கொடிக்கு என்னடா தெரியும். இயல்பா நடக்கிறதுன்னா என்ன டீச்சர்னு ஒருத்தி கேட்டா ஒருதடவ. காத்தடிக்கிறது, மழ பேயறது, பொழுது சாயறதுன்னு சொல்லிக்கிட்டே வந்தேன், சாகறதுன்னு வாய்க்கு வந்துச்சு, முழுங்கிட்டேன்.

அவ மழையும் இல்ல, கொடியும் இல்ல. ஜொரம் வந்துச்சு. சாதாரண ஜொரம்னுதான் கஷாயம் வெச்சேன், துணி நனச்சுப் போட்டேன், பல்லு மொளைக்குதுன்னு எல்லாரும் சொன்னாங்க. பல்லு மொளைச்சுதான் இருந்துச்சு, கீழ ரெண்டு, பால் குடிக்கிறப்பக் கடிப்பா, சுள்ளுங்கும். அன்னிக்குக் காலையில கண்ணு மேல போயி கை கால வெட்டி வெட்டி இழுத்துச்சு, எங்கண்ணன் ராமலிங்கம் சைக்கிள எடுத்தாரு, நான் பின்னாடி புள்ளயோட உக்காந்துக்கிட்டேன், பெரியாஸ்பத்திரி. ஊசி போட்டாங்க, செய்யறதெல்லாம் செஞ்சாங்க, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. என் மடியிலதான். சூடு கொறைஞ்சுதுன்னு நான் சந்தோஷப்பட்டேன், கடவுளே, ஜொரம் எறங்கிருச்சுண்ணேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன், அண்ணன் என்னயப் பார்த்தாரு. அப்பத்தான் தெரிஞ்சுது. புள்ளயோட அப்பா எங்க? கோயமுத்தூர்ல. கவியரங்கம். தலைப்பு என்னமோ மழலைன்னுதான் ஞாபகம், இல்ல, நான்தான் வயித்தெரிச்சல்ல அப்படி வெச்சுக்கிட்டேனோ என்னமோ. தந்தி கொடுத்தாச்சு. வர்றவரைக்கும் வெக்க முடியாது, பச்சப் புள்ள, பொழுதுக்குள்ள எடுக்கணும்னாங்க. பொம்பளைங்க போகக் கூடாது. அண்ணன்தான் தோள்ல போட்டுக்கிட்டுப் போனாரு, தூங்கற புள்ளயத் தூக்கிட்டுப் போற மாதிரி முதுகத் தட்டிக்கிட்டே போனாரு, வழக்கத்துல தட்டினாரு போல. திரும்பி வந்து கைகால் கழுவிட்டு, எல்லாம் முடிஞ்சுதும்மான்னாரு. அதுக்கு மேல அவரும் சொல்லல, நானும் கேக்கல. இப்ப அவரும் இல்ல. மறுநா மத்தியானம்தான் என் வீட்டுக்காரரு வந்தாரு, கையில கவியரங்கத்துல போட்ட சந்தனமாலையோட, அத எங்க வெக்கிறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னாரு. அழுதாரு. இல்லேன்னு சொல்ல மாட்டேன், நல்லாவே அழுதாரு. அழுது முடிச்சு மூணாம் நாளே பேப்பரும் பேனாவுமா உக்காந்துட்டாரு. மண்வெட்டி நிழலில் என் மகளை விதைத்தேன். யாரு விதைச்சா? நீங்களா? மண்வெட்டி நிழல எப்பப் பார்த்தீங்க? கேக்கணும்னு தொண்ட வரைக்கும் வந்துச்சு. அந்த நாலு வரியில ஒரே ஒரு வரிதான் நெசம், கடைசி வரி, ஆளு ஊர்ல இல்ல, அதுதான் நெசம், அதுக்குத்தான் அந்தத் தாடிக்காரரு அந்நியமாதல்னு அத்தனை பக்கம் எழுதினாரு. இதுல கொடும என்னன்னா, இப்பக் கண்ண மூடி அந்தச் சாயங்காலத்த நெனச்சா எனக்கும் மண்வெட்டி நிழல்தான் தெரியுது. நான் பாக்கல. அவரும் பாக்கல. பாத்த ஒரே மனுஷன் வாயத் தொறக்காமப் போயிட்டாரு. கடைசியில என் புள்ளயோட குழிக்கு எங்கிட்ட இருக்கிறது அந்தப் பொய் ஒண்ணுதான், நிழல் நீளமா விழுந்து கெடக்கு, அதுல வெள்ளத் துணி, துணியக்கூட நான் சேத்துக்கிட்டதுதான். திருடிட்டாருய்யா. செத்தவரத் திட்டக் கூடாதும்பாங்க, திட்டறேன், எனக்கு யாரு இருக்கா திட்டறதுக்கு.

செம்பியனுக்குத் தெரியாது. இவன் உண்டானப்ப மாமியார் சொன்னாங்க, மொதப் புள்ள பேச்ச எடுக்காத, வயித்துப் புள்ளைக்கு ஆகாது. பொறந்தப்புறம், எதுக்குப் பச்சப் புள்ளகிட்ட அதையெல்லாம். வளந்தப்புறம், இனிமே எதுக்கு. இப்படியே போயிருச்சு. அந்தப் பேரு எங்க வீட்டுக்குள்ள யாரு வாயிலயும் வரல, அவரு பேனாவுலகூட வரல, மகள்னுதான் எழுதினாரே ஒழியப் பேர எழுதல. செம்பியன் காலேஜ் படிக்கிறப்ப ஒருநா, நான் அடுப்படியில வாழப்பூ ஆஞ்சுக்கிட்டிருக்கேன், கூடத்துல அப்பனும் புள்ளையும். "அப்பா, இந்தக் கவிதையில மகள்னா யாருப்பா?"ன்னான். என் கை நின்னுருச்சு. இப்பச் சொல்லிருவாரு, சொல்லட்டும், இன்னிக்காவது சொல்லட்டும்னு காதத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன். தொண்டயச் செருமினாரு. "அது ஒரு குறியீடுப்பா"ன்னாரு. குறியீடு. அவ்வளவுதான். நான் வாழப்பூவ ஆஞ்சு முடிச்சேன், அன்னிக்கு வெச்ச கறி கசந்துச்சுன்னு ரெண்டு பேரும் தட்டுல ஒதுக்கிட்டானுங்க. ஏன் அப்படிச் சொன்னாருன்னு யோசிச்சு யோசிச்சு மூள தேஞ்சு போச்சு. வலிக்குதுன்னு சொன்னாரா? இல்ல, மகள்னு சொன்னா அது வெறும் எழவுப் பாட்டாப் போயிரும், குறியீடுன்னாத்தான் கவிதைன்னு பயந்தாரா? ரெண்டாவதுதான். எனக்குத் தெரியும் அந்த மனுஷன. புரட்சின்னப்பவும் தலையாட்டினாரு, ஈழம்னப்பவும் தலையாட்டினாரு, ஒருத்தன்கிட்டயாவது, இல்லப்பா அது என் கொழந்தைன்னு சொல்லல. உயிரோட இருந்தா நெல்லுக்கும் தலையாட்டுவாரு. அந்தா, முன்வரிசையில செம்பியன் தலைய ஆட்டறான், நெல்லு நெல்லுன்னு, மருமக போன்ல படம் புடிக்கிறா. நான் மைக்கு முன்னால நின்னு உள்ளதச் சொன்னா அவன் மூஞ்சி என்ன ஆகும்? அவன் அப்பன் அவன்கிட்டப் பொய் சொன்னாருன்னு ஆகும். அம்மாவும் கூட்டுன்னு ஆகும். இத்தன பேரு முன்னால ஏம்மா, வீட்லயே சொல்லியிருக்கலாமேம்பான். நியாயம்தான். வீட்ல சொல்லலாம், கார்ல போறப்பச் சொல்லலாம், நன்றி வணக்கம்னு எறங்கிடலாம். பொடவையில மண்ணு உதுருது.

"மகிழ்ச்சியான ஒரு செய்தியோடு என் உரையை நிறைவு செய்கிறேன்"ங்கிறாரு கலியபெருமாள். என்ன செய்தி. "எங்கள் கல்லூரியில் வரும் கல்வியாண்டு முதல் இக்கவிதை பாடமாக வைக்கப்படுகிறது. உரைக்குறிப்பை நானே எழுதியிருக்கிறேன். மகள் என்பது மரபு விதையின் குறியீடு என்பதை இனி நம் பிள்ளைகள் தெளிவாகப் புரிந்துகொள்வார்கள்." பாடமா. கவியரங்கத்துல பேசினா காத்தோட போயிரும், கட்டுரையக் கரையான் தின்னுரும், பாடம் அப்படியில்ல, எனக்குத் தெரியாதா பாடம்னா என்னன்னு. கேள்வி வரும். மகள் எதைக் குறிக்கிறாள், விளக்குக. வருஷா வருஷம் புள்ளைங்க ஒக்காந்து எழுதுங்க, அடிக்கோடு போட்டு எழுதுங்க, மரபு விதை. எவளாவது ஒருத்தி, பாமரச் சிறுக்கி, நல்லா இருப்பா, மகள் என்பது மகளைக் குறிக்கிறதுன்னு எழுதிட்டு வந்தா, செவப்பு மையில அடிச்சிருவானுங்க. நானே அடிச்சிருக்கேன் அப்படி எத்தனையோ. உரைக்குறிப்புல இல்லன்னா மார்க்கு கெடையாது, அதுதான் எங்க தொழிலு. அப்ப இதுக்கு மேல அவ செத்தது யாருக்கும் செத்தது இல்ல. தப்பான விடை. கார்ல போறப்பச் சொல்றதா? கார்ல சொன்னா செம்பியனுக்குத் தெரியும், உரைக்குறிப்புக்குத் தெரியுமா? "இப்போது கவிஞரின் வாழ்க்கைத் துணைவியார், தமிழாசிரியை சௌந்தரவல்லி அம்மையார் ஏற்புரை வழங்குவார்." ரெண்டு பேரு கையப் புடிச்சுத் தூக்கறாங்க. விடுங்கய்யா, நடக்கத் தெரியும் எனக்கு.

மைக்கு உயரமா இருக்கு, ஒரு ஆளு வந்து எறக்கி விட்டான். பொன்னாடைய எடுத்துச் சோபாவுல போட்டுட்டுத்தான் வந்தேன், செம்பியன் மொறச்சான், மொறைக்கட்டும். வணக்கம்னேன். குரல் நல்லாத்தான் வந்துச்சு. "இந்தக் கவிதையில வர்ற மகள் எங்க மகள்தான். அவ பேரு சுகந்தி. ஒரு வயசு நெறையல. ஜொரத்துல ஜன்னி கண்டு என் மடியிலதான் செத்துப்போனா. அவங்கப்பா அன்னிக்கு வெளியூர்ல இருந்தாரு. எங்கண்ணன்தான் கொண்டுபோய்ப் பொதச்சாரு." அவ்வளவுதான் சொன்னேன், வேற எதும் சேக்கல, போல இல்ல, அணி இல்ல. பேர் வெளிய வந்ததும் வாயெல்லாம் என்னமோ மாதிரி இருந்துச்சு, இத்தன வருஷத்துல மொதத்தடவ. சரி, தெரிஞ்சுக்கிட்டாங்கன்னு நெனச்சேன். அப்ப பக்கத்துல கலியபெருமாள் இன்னொரு மைக்கப் புடிச்சுட்டாரு, கண்ணுல தண்ணி அவருக்கு, நெசமாவே தண்ணி. "பார்த்தீர்களா நண்பர்களே! சுகந்தி! சுகந்தி என்றால் நறுமணம். மழை பெய்ததும் எழுகிறதே, அந்த மண்வாசனைக்கு அம்மா ஒரு பெயர் சூட்டியிருக்கிறார். கவிஞர் விட்டுச்சென்ற குறியீட்டை அம்மா மடியில் ஏந்தி முழுமையாக்கிவிட்டார்!" கைதட்டல். மழையாக் கொட்டறானுங்க. பின்வரிசையில எந்திரிச்சு நின்னு தட்டறானுங்க. முன்வரிசையப் பார்த்தேன், செம்பியன் எந்திரிச்சுட்டான், மூஞ்சியெல்லாம் பெரும, எங்கம்மாடான்னு பக்கத்துல இருக்கிறவனப் பார்க்கிறான், அவனும் தட்டறான். என் வயித்துல பொறந்தவன், ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கித் தட்டறான்.

"நிறுத்துங்கடா!"ன்னேன். எனக்கே தூக்கிப்போட்டுச்சு, மைக்கு கிரீச்சுன்னு கத்துச்சு. ஒவ்வொருத்தனா நிறுத்தினான். "செத்த புள்ளைக்குக் கைதட்டுவாங்களா எவனாவது? உங்க வீட்டுப் புள்ள செத்தாக் கைதட்டுவீங்களா?" கலியபெருமாள் "அம்மா, அம்மா"ன்னு கிட்ட வந்தாரு. "உக்காருங்க சார்"னேன், உக்காந்துட்டாரு. மைக்க யாரோ அணைச்சுட்டாங்க, பரவால்ல, நான் பேச வேண்டியவன் முன்வரிசையிலதான் நிக்கிறான். "செம்பியா, உனக்கு மூத்தவடா அவ. உன் அக்கா." அவன் கைய எறக்கல. எறக்க மறந்துட்டான். மருமக அவன் சட்டயப் புடிச்சு இழுக்கிறா, உக்காருங்கன்னு. அவன் அவள உதறிட்டு மேடைக்குக் கீழ வந்து நின்னான், சின்ன வயசுல அடிபட்டு வந்து நிப்பானே, வாய் கோணிக்கிட்டு, அப்படி நின்னான். ஏன் சொல்லலைன்னு கேப்பான், அப்பா ஏன் பொய் சொன்னாருன்னு கேப்பான்னு நான் பதிலெல்லாம் தேடிக்கிட்டு நிக்கிறேன். அவன் அதெல்லாம் கேக்கல. "அக்கா பார்க்க எப்படிம்மா இருப்பா?"ன்னான். சொல்ல வாயத் தொறந்தேன். அவ கனம் ஞாபகம் இருக்கு, சூடு ஞாபகம் இருக்கு, கீழ ரெண்டு பல்லு ஞாபகம் இருக்கு. போட்டோ கிடையாது. அவன் நிமிந்து பார்த்துக்கிட்டே நிக்கிறான். தேடறேன், தேடறேன், முகம் வரல.